கொம்பியூட்டர் மேளம்

"வாயை மூடடி! பெடியன் இந்தப் பெட்டியைக் குடைஞ்சு குடைஞ்சு மேளம் வாசிக்க வைச்சிருக்கிறான். நீ ஒரு நன்றி சொன்னியே?"

"வாசிக்குது அம்மா, நானும் செவிடு இல்லை. ஒருக்கா முழுசா நிப்பாட்டிப்போட்டுத் திருப்பிப் போடச் சொல்லுங்கோ. அதுக்குப் பிறகும் வாசிச்சா நன்றி என்ன, தேவாரமே பாடுறன்."

"ஓடுற சாமானை ஏன் நிப்பாட்டுவான்?" என்று கிருபன் சிரித்தான். சிரிப்பு சாம்பவிக்கு அல்ல. அவளுடைய தாய் புனிதவதிக்கு.

மோர்னிங்சைட் அடுக்குமாடிக் கட்டடத்தில் அன்று உடுப்புத் தோய்க்க இறங்கியவர்களுக்கெல்லாம் இந்தச் சத்தம் கேட்டது. மூத்தவள் நிலாணிக்கு வருகிற சனிக்கிழமை கலியாணம். நல்ல முகூர்த்த நாள் என்பதால் ரொறன்ரோவில் இருந்த நாலு மேளகாரரையும் வேறு வீட்டுக்காரர் முந்திப் பிடித்துவிட்டார்கள். மற்றவர்கள் என்றால் கசெற் போட்டுச் சமாளிப்பார்கள். புனிதவதி அப்படியா? பக்கத்து மார்க்கம் நகரத்தில் வேலை பார்க்கும் கிருபன் கொம்பியூட்டரிலேயே கெட்டிமேளம் போட வேண்டும், சபை வாயைப் பிளக்க வேண்டும், அந்தச் சூட்டோடு இளையவள் சாம்பவியை அவனுக்குப் பேசி முடிக்க வேண்டும். சாம்பவி "மாட்டன்" என்று சொன்னதை அவள் ஒரு பதிலாகவே எடுக்கவில்லை.

கிருபனின் பெட்டியை ஓட்ட விண்டோஸும் இருந்தது, லினக்ஸும் இருந்தது; ஒன்றிலிருந்து மற்றதுக்கு மாறலாம். "விண்டோஸ் சின்னப்பிள்ளையளுக்கு, அன்ரி. நான் எனக்கெண்டே கேர்னல் கட்டுறன்" என்பான். கேர்னல் என்றால் லினக்ஸின் நடுக்கரு என்று சாம்பவி சொல்ல வந்தபோதும் புனிதவதி கேட்கவில்லை. விளங்காமல் இருக்கும்வரைதான் அது பெரிய விஷயம்.

அதை அவன் கட்டியதும் அவளுடைய வரவேற்பறையில், சொந்தக்காரர் சுற்றி நிற்கத்தான். இந்தச் சாதனம் இருக்கிறதா, அதைச் சேர்க்கவா என்று திரை கேள்விமேல் கேள்வி கேட்டது. நின்று வாசித்தால் கெட்டித்தனம் குறைந்துவிடும் அல்லவா? பேசாமல் என்ரர், என்ரர் என்று தட்டிக்கொண்டே போனான். பியானோ வாசிக்கிற மாதிரி இருந்தது என்று புனிதவதி பிறகு எல்லாருக்கும் சொன்னாள்.

அப்படித் தட்டியதில் ஒன்று, பெட்டிக்குச் சத்தம் கொடுக்கும் சவுண்ட் கார்ட்டுக்கு உரிய கேள்வி. அந்தக் கார்ட்டுக்குச் சொந்த மூளை கிடையாது. கறண்ட் வரும் ஒவ்வொரு முறையும் ஃபேர்ம்வெயர் என்ற சின்ன நிரலை யாராவது அதற்குள் ஊற்ற வேண்டும். அந்தக் கோப்பைக் கேர்னலுக்குள்ளேயே வைத்துக் கட்டவா என்று திரை மரியாதையாகத்தான் கேட்டது. வெறும் என்ரர் தட்டினால் 'வேண்டாம்' என்று அர்த்தம். பல்கலைக்கழகத்தில் இதையே படிக்கிற சாம்பவி பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காலமை விண்டோஸில கலியாண நிகழ்ச்சிநிரல் அடிச்சீங்கள்தானே? ஃபேர்ம்வெயரை ஊத்தினது அது. கறண்டை நிப்பாட்டாமல் லினக்ஸுக்கு மாறினபடியா இன்னும் உள்ளுக்கை கிடக்கு. மண்டபத்துக்குத் தூக்கிக்கொண்டு போனா எல்லாம் போயிடும்."

"நீர் புத்தகத்தில படிக்கிறீர். நான் செய்து காட்டுறன்."

"பாத்தியே!" என்றாள் புனிதவதி. "சனிக்கிழமை உது வாசிச்சா, நீ உவனுக்கு ஓம் சொல்லவேணும்."

"வாசிக்காட்டி?"

"வாசிக்காட்டி உந்தக் கதையை நான் இனி எடுக்கன். நிலாணி மேல ஆணை."

சனிக்கிழமை பெட்டிக்குப் பூமாலை போட்டு, மணவறைக்குப் பக்கத்தில் மேசையில் வைத்தார்கள். சோதித்துப் பார்க்கச் சொன்ன மாப்பிள்ளையின் தமையனிடம், "அண்ணை, இது கசெற் இல்லை" என்றான் கிருபன்.

மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தார். ஐயர் கையைத் தூக்கி, "கெட்டிமேளம், கெட்டிமேளம்!" என்றார்.

பெட்டியின் காற்றாடிதான் இரைந்தது.

கிருபன் மேசைக்குக் கீழே குனிந்து வயர்களை இழுத்தான். "ஒரு நிமிஷம், அன்ரி!"

"தம்பி," என்றார் ஐயர், "முகூர்த்தம் உம்மடை பெட்டிக்குக் காத்திராது."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். புனிதவதிக்குக் காது சிவந்தது. அப்போதுதான் சாம்பவியைப் பார்த்தாள். கூறைச்சேலைப் பெட்டிக்குப் பின்னாலிருந்து கசெற் ரேடியோவை எடுத்து மடியில் வைத்திருந்தாள், பாவி மகள். விரல் பொத்தானில் இருந்தது. கண் தாயில் இருந்தது. அமத்தட்டோ அம்மா என்று கேட்கும் பார்வை அது.

மூத்தவளின் தாலியா, இளையவளின் மாப்பிள்ளையா? புனிதவதி பல்லைக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டினாள். மேளம் மண்டபத்தைப் பிளந்தது.

அவள் வாக்கை மீறவில்லை. மீற ஆசை இருந்தது. ஐயரே அந்தக் கதையைக் கலியாணத்துக்குக் கலியாணம் சொல்லித் திரிந்ததால் வழி இருக்கவில்லை. சாம்பவி படிப்பு முடித்து, கூடப் படித்த மன்னார்ப் பெடியன் றெமிஜியஸைத் தேவாலயத்தில் முடித்துக்கொண்டு ஒட்டாவாவுக்குப் போய்விட்டாள். தேவாலயத்தில் மேளமே தேவைப்படவில்லை என்று புனிதவதி இன்றைக்கும் குறைப்படுகிறாள். கிருபனுக்கு ரெக்ஸ்டேலில் பெண் எடுத்தார்கள். பெண் வீட்டார் தேதி குறிக்க முதலே மேளகாரரைப் பிடித்துவிட்டார்களாம்.