சீப்பு நட்ட தொட்டி

என் வீட்டுக்காரருக்குக் கை சும்மா இருக்காது. சலூன் வச்சிருக்கிறவர்தான், ஒத்துக்கிறேன். அதுக்காக வீட்டுலயும் கத்தரிக்கோலைச் சட்டைப் பையில செருகிக்கிட்டேவா திரியணும்? மிதியடியில ஒரு நூல் நீட்டிக்கிட்டிருந்தா வெட்டணும். திரைச்சீலை ஓரம் கோணலா இருந்தா வெட்டணும். பல் தேய்க்கிற பிரஷ் பரட்டையா நின்னா அதையும் மட்டம் பண்ணணும். ஒரு நாள் இல்லாட்டி ஒரு நாள் வெட்டக் கூடாததை வெட்டிட்டு முழிக்கப்போறீங்கன்னு நான் திட்டாத நாளில்லை. என்ன நேரத்துல வாயைத் திறந்தேனோ, பலிச்சிருச்சு.

கீழ்வீட்டுல நாங்க இருக்கோம். மேல்வீட்டுல அவரோட அண்ணன், அதாவது என் மூத்தார். பஸ் டிப்போவுல மெக்கானிக். அவர் சம்சாரம், என் ஓரகத்தி, போன வருஷம் உடம்பு முடியாம இறந்துட்டாங்க. நான் அக்கான்னுதான் கூப்பிடுவேன். கூடப் பிறந்தவகூட அப்படி இருந்திருக்க மாட்டா.

வைத்தியத்துக்குப் போயிட்டு வரும்போதெல்லாம் ஆஸ்பத்திரி வாசல்ல விசிறிப்பனைக்கு அடியில விழுந்து கிடக்கிற பழத்தைப் பொறுக்கிக்கிட்டு வருவாங்க. மருந்து வாங்கப் போனவங்க கொட்டை வாங்கிட்டு வந்திருக்காங்கன்னு நான் கேலி பண்ணுவேன். அவங்க பாட்டுக்குச் சிரிச்சுக்கிட்டே சதையைச் சுரண்டி எடுத்து, தண்ணியில ஊறப்போட்டு, தினமும் தண்ணி மாத்தி, ஈரமான தேங்காய் நார்த்தூள்ல பொதிச்சு, பிளாஸ்டிக் பையில கட்டி ஃபிரிட்ஜுக்கு மேல வச்சாங்க. அங்கதான் கதகதப்பா இருக்குமாம். பனை லேசுல முளைக்காது, மாசக்கணக்குல காத்திருக்கணும்னு சொன்னாங்க. அவ்வளவு நாள் அவங்களுக்குக் கிடைக்கலை.

அவங்க போன பிறகு, ஃபிரிட்ஜ் மேல தூசி தட்டும்போது மூத்தார் கையில அந்தப் பை அகப்பட்டுச்சு. பிரிச்சுப் பார்த்தா, கொட்டை ஒவ்வொண்ணுலயும் வெள்ளையா ஒரு முனை எட்டிப் பார்க்குது. படியிறங்கி வந்து என்கிட்ட காட்டினார். அக்கா இறந்தன்னிக்குக்கூட அழாத மனுஷன், அந்தப் பையைக் கையில வச்சுக்கிட்டு எங்க வாசப்படியில உட்கார்ந்து அழுதார். எனக்கும் அடக்க முடியலை.

துணி ஊறப்போடுற பழைய பிளாஸ்டிக் தொட்டி ஒண்ணுல ஓட்டை போட்டு, மண்ணு நிரப்பி, கொட்டைங்களை நடுவுல புதைச்சு, மொட்டை மாடியில நிழலாப் பார்த்து வச்சார். எந்தக் கொட்டை எங்க இருக்குன்னு தெரியணுமில்லையா? சலூன்ல இருந்து பல்லு உடைஞ்ச சீப்பா வாங்கிட்டுப் போய், கொட்டைக்கு ஒண்ணா நட்டு வச்சார். மண்ணு காயக் கூடாது, தோண்டி மட்டும் பார்க்கக் கூடாதுன்னு அக்கா சொல்லிட்டுப் போயிருந்தாங்க. மூத்தாரும் தோண்டலை. டிப்போவுக்குப் போறதுக்கு முந்தி ஒரு தடவை, வந்த பிறகு ஒரு தடவை, அந்தச் சீப்புங்க முன்னாடி போய் உட்கார்ந்துக்குவார். அவருக்கு வேற பேச்சும் இல்லை, வேலையும் இல்லை. இது முளைக்கலைன்னா இந்த மனுஷன் என்ன ஆவாரோன்னு நான் கவலைப்படுவேன்.

தலைமுடியும் காடாட்டம் வளர்ந்து கிடந்துச்சு. கூடப் பிறந்த தம்பி சலூன் வச்சிருக்கான், அண்ணன் தலை அப்படி. கடைக்கு வாண்ணான்னு இவர் வாரா வாரம் கூப்பிடுவார். பார்க்கலாம்டான்னு சொல்லிட்டு அவர் மேல போயிடுவார். முன்னெல்லாம் காதோரம் முடி தொட்டாலே அக்கா விரட்டி அனுப்புவாங்க. இப்ப யாரு விரட்ட?

மாசம் ஓடுச்சு. சீப்பு பக்கத்துல ஒண்ணும் வரலை. தொட்டி ஓரத்துலதான் அங்கங்க புல்லு தலை நீட்டுச்சு.

ஒரு ஞாயித்துக்கிழமை மூத்தாருக்குப் பொறுமை போயிருச்சு. கடைத் துண்டுங்களைத் துவைச்சுக் காயப்போட நான் மாடிக்குப் போனப்ப, ஒரு சீப்புக்கிட்ட மண்ணை விரலால விலக்கிக்கிட்டிருந்தார். கொட்டையில இருந்து வெள்ளையா, தடியா, கயிறாட்டம் ஒண்ணு கீழ இறங்கியிருந்துச்சு. விரல் அது கூடவே போச்சு. தொட்டியோட அடியில முட்டி, பக்கவாட்டுல திரும்பி, ஒரு சாண் தள்ளி ஓரத்துல மேல ஏறியிருந்துச்சு. ஏறின இடத்துல, நாங்க புல்லுன்னு நினைச்ச அந்த இலை. நுனி இல்லாம மொட்டையா நின்னுச்சு. அது மட்டுமா, தொட்டி ஓரத்துல இருந்த அத்தனையும் ஒரே மட்டத்துல வெட்டி நின்னுச்சு. அந்த மட்டம் யாரு கை மட்டம்னு எங்க தெருவுக்கே தெரியும்.

முந்தின நாள்தான், அண்ணனோட தொட்டியைச் சுத்தம் பண்ணிட்டேன், பரட்டையாக் கிடந்துச்சுன்னு இவர் என்கிட்ட பெருமையாச் சொல்லியிருந்தார்.

நான் போய்ச் சொன்னதும் இவர் முகம் செத்துப்போச்சு. நேரா மாடிக்கு ஏறினார். புல்லுன்னு நினைச்சுட்டேண்ணான்னார். மூத்தார் தோண்டின மண்ணைத் திரும்ப மூடினார், சீப்பை நேரா நிறுத்தினார்.

"அவ கடைசியா கை வச்சதுடா அது"ன்னார். அவ்வளவுதான். உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டார்.

அதுக்கப்புறம் அவர் தொட்டிப் பக்கமே போகலை. நான் குடுத்தனுப்புற சாப்பாடு பாதி திரும்பி வரும். இவரோ கத்தரிக்கோலைக் கடையிலயே வச்சுட்டு வர ஆரம்பிச்சார். காலையில கடை திறக்கிறதுக்கு முந்தி, வாடிக்கையாளர் தலையில தண்ணி பீச்சுற பாட்டிலை எடுத்துக்கிட்டு மாடிக்குப் போவார், தொட்டி மண்ணை நனைச்சுட்டு வருவார். செத்ததுக்குத் தண்ணி ஊத்தி என்ன ஆகப்போகுதுன்னு என் நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. சொல்லலை. இவரை அப்படிப் பார்க்க எனக்குப் பாவமா இருந்துச்சு.

அப்புறம் ஒரு நாள் காலையில மாடியில இருந்து என்னைக் கூப்பிட்டார். போனேன். இலைங்க வளர்ந்திருந்துச்சு. நுனி வெட்டினது வெட்டினபடியே மட்டமா இருக்கு, ஆனா அடியில இருந்து பச்சையாத் தள்ளிக்கிட்டு விரல் உயரத்துக்கு மேல வந்திருக்கு. எல்லாமே. நானா இருந்திருந்தா புல்லுன்னு வேரோட பிடுங்கிப் போட்டிருப்பேன். நல்லவேளை, இவருக்கு வெட்டத்தான் தெரியும், பிடுங்கத் தெரியாது.

நான் போய் மேல்வீட்டுக் கதவைத் தட்டினேன். மூத்தார் வந்து பார்த்தார். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வெட்டுப்பட்ட நுனி ஒவ்வொண்ணையும் விரலால தொட்டார். தம்பியை நிமிர்ந்து பார்த்தார். டிப்போவுக்குக் கிளம்பிட்டார்.

அன்னிக்குச் சாயங்காலம் காய்ஞ்ச துண்டுங்களைக் குடுக்க நான் கடைக்குப் போயிருந்தேன். மூத்தார் டிப்போ உடுப்போட உள்ள வந்தார். பெஞ்சுல காத்திருந்தவங்க யாரையும் பார்க்கலை. நேராப் போய் நாற்காலியில உட்கார்ந்தார்.

"அதுங்களுக்கு வெட்டின மாதிரியே எனக்கும் வெட்டுடா"ன்னார்.

இவர் கத்தரிக்கோலை எடுத்தார். எடுத்தவர் அப்படியே நின்னார். சும்மா இருக்கவே தெரியாத அந்தக் கை அன்னிக்குச் சும்மா நின்னுச்சு. கண்ணாடியில அதை மூத்தாரும் பார்த்தார்.

"வெட்டுடா. நான் ஒண்ணும் செத்துப்போயிட மாட்டேன்."

துவைச்ச துண்டு ஒண்ணை உதறி நான்தான் இவர்கிட்ட நீட்டினேன்.