பூட்டியதும் வந்துவிடுகிறான்

மூன்றாவது முறையாகவும் யுவன் என்னைக் கண்டுபிடித்துவிட்டான். விவேக் நகரில் குழந்தை இயேசு கோயிலுக்குப் பின்பக்கம் வாடகை சைக்கிளை ஸ்டாண்டில் பூட்டிவிட்டு, உள்ளே போய் ஜெபம் முடித்து வெளியே வந்தேன். ஹெல்மெட்டாலேயே முகத்தில் அடித்தான். கடைவாய்ப் பல் உடைந்து நாக்கில் குத்தியது. பட்டப்பகல். புருஷன் பெண்டாட்டி சண்டைதானே என்று அத்தனை பேரும் நின்று வேடிக்கை பார்த்தார்கள். நாசமாய்ப் போகட்டும். அவன் கையைக் கடித்துவிட்டு ஓடினேன்.

அவனை விட்டு வந்து பதினைந்து நாள். ஆஸ்டின் டவுனில் மௌரீன் வீட்டில் ஒளிந்திருந்தேன். என்னோடு ஒரே கார்மெண்ட்ஸில் வேலை பார்த்தவள். தன் கட்டிலை எனக்குக் கொடுத்துவிட்டுத் தரையில் படுத்தாள். முதலில் ஆஸ்பத்திரி வாசல், அப்புறம் வேலை கேட்கப் போன கம்பெனி வாசல், இப்போது கோயில். மூன்று இடத்துக்கும் வாடகை சைக்கிளில், அவளிடம் மட்டும்தான் சொல்லிவிட்டுப் போனேன்.

துப்பட்டாவை வாயில் அழுத்திக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினேன். மௌரீன் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“ஏன்டி அவன்கிட்ட சொன்ன?” என்றேன்.

“ஐயோ, என்ன ஜூடித் இது ரத்தம்! நான் ஏன்டி சொல்லப்போறேன்? மாதா சத்தியமா சொல்லல.”

சத்தியம் வேறு. அவள் முடியைப் பிடித்துச் சுவரில் மோதினேன். ஒரு தடவை இல்லை. உதடு கிழிந்தது. கையிலிருந்த கத்தியைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். அப்போதும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு வெளியேறினேன்.

தெருமுனை ஸ்டாண்டில் இன்னொரு வாடகை சைக்கிளின் பூட்டைப் போனால் திறந்தேன். எங்கே போகிறேன் என்று எனக்கே தெரியாது. கால் ஓய்ந்த இடம் அல்சூர் ஏரிப் பக்கம். அங்கிருந்த ஸ்டாண்டில் பூட்டிவிட்டு எதிர் டீக்கடையில் உட்கார்ந்தேன். இரண்டாவது டீ கேட்டபோது யுவனின் பைக் வந்து நின்றது.

“எங்க வேணா ஓடு. அந்த சைக்கிள் ஆப் என் நம்பர்ல போட்டது. நீ பூட்டினா எந்த ஸ்டாண்டுன்னு எனக்கு மெசேஜ் வரும்டி,” என்று போனை என் மூக்குக்கு நேரே ஆட்டினான்.

கல்யாணமான புதிதில் அவன்தான் அதை என் போனில் போட்டுக் கொடுத்தான். நான் ஒரு மடச்சி.

என் முடியைப் பிடித்து இழுத்தான். அடுப்பில் பால் கொதித்துக்கொண்டிருந்தது. சட்டியை அப்படியே தூக்கி அவன் முகத்தில் ஊற்றினேன். என் கை வெந்தது அப்போது தெரியவில்லை. அலறிக்கொண்டு விழுந்தவனை விலாவிலேயே மிதித்தேன். கடைக்காரர் வந்து பிடித்து இழுக்கும்வரை மிதித்தேன். சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

சைக்கிளைத் தொடாமல் ஆஸ்டின் டவுன் வரை நடந்தே வந்தேன். மௌரீன் காலில் விழலாம், மன்னித்துவிடுவாள் என்று நினைத்தேன். அவளை விட்டால் இந்த ஊரில் எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

கதவு உள்ளே தாழிட்டிருந்தது. வாசலில் நின்றே மெசேஜ் விஷயத்தைச் சொன்னேன். கொதிக்கிற பாலை ஊற்றியதையும் சொன்னேன்.

“நீ சொல்லலன்னு இப்ப தெரிஞ்சிடுச்சு மௌரீன். கதவத் திற.”

“தெரியறதுக்கு முன்னாடியே அடிச்சிட்டியே,” என்றாள் உள்ளிருந்து. “உனக்கும் அவன் கைதான்டி. போயிடு.”