செயலாளரின் சொந்தப் பற்கள்

நாற்பத்திரண்டு வீடுகள் இருந்தும் ஒரு வீட்டுக்காரருக்கு இன்னொரு வீட்டுக்காரரைத் தெரியவில்லை என்பதுதான் அந்தக் குடியிருப்பின் நோய் என்று சங்கச் செயலாளர் கண்டுபிடித்தார். கண்டுபிடித்த கையோடு மருந்தும் எழுதிக் கொடுத்தார். ஒரு மாதம், வீட்டுக்கு ஒருவர், நாளுக்கு ஒரு வீடியோ. அவரவர் அன்றாட வாழ்க்கையை இரண்டு நிமிடத்துக்குக் குறையாமல் எடுத்துச் சங்கத்தின் குழுவில் போட வேண்டும். மற்றவர்களுடைய வீடியோவில் தினமும் மூன்றையாவது பார்த்துக் கருத்து எழுத வேண்டும். ஒருநாள்கூட விடாமல் போடுகிறவர்களுக்குக் கேடயம்.

இரண்டாம் மாடியில் இருந்தவளுக்கு இதில் இம்மியும் இஷ்டமில்லை. அவள் பல் செட் செய்கிறவள். பதினேழு வருடமாக ஒரே டென்டல் லேபில் வேலை. பல் டாக்டர்கள் நோயாளியின் வாயை அச்செடுத்து அனுப்புவார்கள். இவள் மெழுகில் ஈறு கட்டி, பல் அடுக்கி, வேகவைத்து, தேய்த்து, மெருகேற்றித் திருப்பி அனுப்புவாள். சீட்டில் எண்தான் இருக்கும், பெயர் இருக்காது. தன் கைவேலை எந்த வாய்க்குள் போய் எதை மெல்லுகிறது என்று அவளுக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை.

"என் பொழப்புல காட்டறதுக்கு என்ன இருக்கு? போறேன், பல்லு அடுக்கறேன், வர்றேன்" என்றாள் கணவனிடம். அவன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன்.

"போடலைன்னா அந்த மனுஷன் வழியில நிறுத்தி வச்சுக் கேப்பாரு. எதையாவது ரெண்டு நிமிஷம் எடுத்துப் போட்டுட்டுப் போயேன்."

முதல் நாள் அவள் பால் பொங்குவதைப் போட்டாள். இரண்டாம் நாள் துணி காய்வதைப் போட்டாள். நான்கு தடவை பார்க்கப்பட்டதாகக் காட்டியது. அதில் மூன்று தடவை அவளே பார்த்தது.

மற்றவர்கள் இப்படி வெறுங்கையோடு வரவில்லை. எதிர் வீட்டம்மா காலை ஐந்து மணிக்குக் கண்விழிப்பதைப் போட்டார். அதற்கு முன்பே எழுந்து, தலைவாரி, உதட்டுக்குச் சாயம் பூசி, போனை ஸ்டாண்டில் மாட்டிவிட்டு மறுபடி போய்ப் படுத்துக் கண்விழித்திருந்தார். நான்காம் மாடிக்காரர் பூங்காவைச் சுற்றி ஓடுவதைப் போட்டார். பூங்காவுக்கு ஸ்கூட்டரில் போய்ச் சேர்ந்ததைப் போடவில்லை. புதிதாகக் குடிவந்த தம்பதி, சாப்பிடும்போது போனையே தொடமாட்டோம் என்று சொல்லிக்கொண்டு சாப்பிட்டார்கள். அந்த வீடியோவை எது எடுத்தது என்று யாரும் கேட்கவில்லை.

கேட்காததற்குக் காரணம், யாரும் எதையும் பார்க்கவில்லை. கருத்து மட்டும் எழுதினார்கள். ஒருவர் தவறுதலாகத் தன் சட்டைப்பையின் உட்புற இருட்டை இரண்டரை நிமிடம் ஏற்றிவிட்டார். அதற்குப் பதினொரு 'அருமை' வந்தது. ஒருவர் 'மனதைத் தொட்டது' என்றும் எழுதியிருந்தார்.

செயலாளருடையதை மட்டும் எல்லோரும் பார்த்தாக வேண்டியிருந்தது. மறுநாள் வழியில் நிறுத்தி, "என்ன சொன்னேன் நேத்து?" என்று அவர் கேட்பார். அவர் சொல்வது தினமும் ஒன்றுதான். வீடியோ தொடங்கியதும் திரை முழுக்க அவர் சிரிப்பு வரும். மேல்வரிசையில் இடப்பக்கம் இரண்டாவது பல் கொஞ்சம் திரும்பி, பக்கத்துப் பல்லின்மேல் தோள் சாய்த்திருக்கும். அதை நகத்தால் டொக் டொக்கென்று தட்டுவார்.

"எழுபது வயசு. முப்பத்திரண்டும் சொந்தம். ஒழுக்கமா வாழ்ந்தா பல்லு ஏன் போகுது?"

முதுகுக்குப் பின்னால் அவருக்கு 'முப்பத்திரண்டு' என்றே பெயர் விழுந்துவிட்டது. பல் செட்காரி அந்த வீடியோக்களை ஓடவிட்டுவிட்டுப் பாத்திரம் கழுவுவாள். நாளெல்லாம் பல்லைப் பார்த்துவிட்டு வருகிறவள் வீட்டிலும் பல்லைப் பார்ப்பாளா?

ஒன்பதாம் நாள் அவளுக்குப் போடுவதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை. லேப் முதலாளி வெளியே போயிருந்தார். மேஜைமேல் மெழுகில் பாதி அடுக்கிய ஒரு மேல் செட் இருந்தது. போனைச் சாய்த்து வைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தாள். முதலில் பேசாமல்தான் இருந்தாள். அப்புறம் அவளை அறியாமல் வாய் திறந்தது.

"பாருங்க, இந்தச் சீட்டுல என்ன எழுதியிருக்குன்னா, பழைய செட்டு தளர்ந்துபோச்சாம். புதுசும் அச்சு அசலா அதே மாதிரி வேணுமாம். இடப்பக்கம் ரெண்டாவது பல்லு திரும்பியிருக்கணும்னு கேட்டிருக்காங்க. நேரா அடுக்கறது பெரிய விஷயமில்ல, யாரு வேணா அடுக்கலாம். கோணலா வச்சு, அது பொறந்ததிலிருந்தே அப்படித்தான்னு நம்ப வைக்கணும் பாருங்க, அங்கதான் வேலை இருக்கு." சொல்லிக்கொண்டே சூடான கத்தியின் நுனியால் அந்தப் பல்லை ஒரு நூலிழை திருப்பினாள். தள்ளி வைத்துப் பார்த்தாள். இன்னும் அரை நூல் திருப்பினாள். முகத்தில் தானாக ஒரு சிரிப்பு வந்தது.

மாலையில் முதல் மாடி ஓவிய டீச்சர் கருத்து எழுதினார். குடியிருப்பிலேயே வீடியோக்களை நிஜமாகப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். 'அழகான வேலை. ஆனால் இந்தப் பல்லை நான் எங்கோ பார்த்திருக்கிறேன்.'

அரைமணி நேரத்தில் யாரோ இரண்டு படங்களை அருகருகே ஒட்டிப் போட்டார்கள். ஒன்றில் மெழுகுப் பல். மற்றொன்றில் செயலாளரின் சிரிப்பு. கீழே ஒரு வரிகூட எழுதவில்லை. எழுத வேண்டிய தேவையும் இல்லை.

அவள் போனைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். புதுசு மட்டும் இல்லை, செயலாளர் வாயில் இப்போது இருப்பதும் அவள் செய்ததுதான். ஈறு வளையும் இடத்தில் அவள் மட்டும் போடுகிற மெல்லிய பள்ளம் அதில் தெரிந்தது. ஆறேழு வருடம் முன்பு செய்திருப்பாள். இத்தனை காலமும் அவளுடைய வேலையே அவளை வழிமறித்துச் சங்கச் சந்தா கேட்டிருக்கிறது.

"ஐயோ, பெரிய மனுஷனோட மானத்தை வாங்கிட்டேனே" என்றாள்.

கணவன் சிரித்துச் சிரித்துப் புரையேறிப்போனான். "நீ எங்க வாங்கின? அவராத்தானே தட்டித் தட்டிக் காட்டினாரு."

மறுநாள் அவசரக் கூட்டம். செயலாளர் வாய்க்கு முன்னால் கைக்குட்டையை வைத்துக்கொண்டு பேசினார். ஜலதோஷம் என்றார். உடல் உறுப்புகளைக் காட்டும் வீடியோக்களைத் தடைசெய்ய வேண்டும் என்று புதிய விதி ஒன்றை வாசித்தார்.

"அது உறுப்பில்லையே சார், பிளாஸ்டிக்குதானே" என்றார் பொருளாளர்.

"ஆக்ரிலிக்" என்றாள் அவள், பழக்கதோஷத்தில்.

"எதுவா இருந்தாலும், ஒரு உறுப்பினர் மனசு புண்பட்டிருக்கு."

"எந்த உறுப்பினர் சார்?"

"பேர் சொல்ல அவர் விரும்பலை."

"பேர் இல்லாம எப்படி நடவடிக்கை எடுக்கறது? அந்தப் பல்லுக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்னு எழுதிக் குடுக்கச் சொல்லுங்க. உடனே எடுத்துடலாம்" என்றார் பொருளாளர், முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு. அவருக்கும் செயலாளருக்கும் நான்கு வருடமாக ஆகாது.

கூட்டம் மூச்சுவிடாமல் காத்திருந்தது. பல் தன்னுடையது என்று சொன்னால் வீடியோ போய்விடும். சொன்னால் பல்லும் போய்விடும்.

அவளுக்குப் பாவமாக இருந்தது. "நானே எடுத்துடறேன் சார்" என்று எழுந்தாள்.

"நீ ஏம்மா எடுக்கணும்?" செயலாளர் கைக்குட்டைக்குள்ளிருந்து சீறினார். "எடுத்தா யாருக்கோ பயந்து எடுத்த மாதிரி ஆகும். இருக்கட்டும்."

அன்று இரவே அவள் அதை அழித்தாள். அதற்குள் நாற்பத்தோரு வீட்டிலும் அது பத்திரமாகச் சேர்ந்திருந்தது.

அதன்பிறகு செயலாளர் உடற்பயிற்சிக்கு மாறினார். சரியாக நடப்பது எப்படி என்பதைப் பின்னாலிருந்து படம் பிடிக்கவைத்துப் போட்டார். பதினேழு நாள் குடியிருப்பு அவர் முதுகைப் பார்த்தது. அவர் சிரித்தபோது பயந்து வந்த கூட்டம் முதுகுக்குத் தானாக வந்தது. கருத்துகள்தான் ஆளை அறுத்தன. 'உறுதியான நடை. முதுகெலும்பு சொந்தமா சார்?' என்று ஒருவர் பணிவோடு கேட்டிருந்தார்.

இருபத்தெட்டாம் நாள் அவரால் பொறுக்க முடியவில்லை. குழுவில் நேரலையாக வந்தார். கையில் ஒரு பெரிய ஆப்பிள். படம் பிடித்தது அவர் மனைவி.

"பொறாமைக்காரங்களுக்கு என் பதில் இதுதான்" என்று சொல்லிவிட்டு முன்பற்களால் ஒரே கடியாகக் கடித்தார்.

படக்கென்று ஒரு சத்தம். ஆப்பிளிலிருந்து வரக்கூடிய சத்தம் இல்லை அது. செயலாளர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, "நிழுத்து, நிழுத்து" என்றார். நிறுத்துகிற பட்டன் எது என்று அவர் மனைவிக்கு மறந்துவிட்டது. தேடிக் கண்டுபிடிக்க முக்கால் நிமிடம் ஆனது. அதுவரை போன் கொஞ்சமும் ஆடவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அந்த அம்மா பல் செட்காரியின் கதவைத் தட்டினார். கையில் ஒரு சோப்பு டப்பா. உள்ளே, கைக்குட்டையில், நட்டநடுவில் பிளந்த மேல் செட்.

"ஏம்மா, இதை ஒட்டித் தர முடியுமா? எங்க தூரத்துச் சொந்தக்காரர் ஒருத்தரோடது."

"தரலாம்மா. சாயங்காலம் கொண்டுவந்துடறேன்" என்றாள் அவள், உதட்டைக் கடித்துக்கொண்டு.

"புதுசு டாக்டர்கிட்ட வந்துடுச்சாம், ஆனா அவர் ஊர்ல இல்ல. நாளைக்கு இவருக்கு..." அம்மா நிறுத்தினார். "சொந்தக்காரருக்கு மேடையில பேச வேண்டியிருக்கு."

"சரிம்மா."

அம்மா போகாமல் நின்றார். "இன்னொண்ணு கேக்கணும். அந்தத் திரும்பின பல்லை அப்படியே நேராக்கிட முடியாதா? நிஜப் பல்லு இருந்தப்பவே எனக்கு அதைக் கண்டா ஆகாது. ஒரு வழியா எல்லாம் கொட்டிச்சேன்னு இருந்தேன். திரும்பவும் அதே கோணலைக் கேட்டு வாங்கி மாட்டிக்கிட்டு வந்து நிக்கறாரு."

"தூரத்துச் சொந்தம்னு சொன்னீங்களேம்மா."

"ஆமாம்மா" என்றார் அந்த அம்மா. "ரொம்ப தூரம்."

அவள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து அதை ஒட்டினாள். கோணலை நேராக்கவில்லை. சீட்டில் எழுதாத வேலையை அவள் செய்கிறதில்லை. ஆனால் விரிசல் தெரியாமல் தேய்க்க ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டாள். பக்கத்து மேஜைக்காரி, "யாருக்கு இவ்வளவு மினுக்கறே?" என்று கேட்டாள். "என்னைத் திட்டப்போற ஆளுக்கு" என்றாள்.

முப்பதாம் நாள் விழாவில் செயலாளர் இருபது நிமிடம் பேசினார். ஒருவரையொருவர் அறிந்துகொண்டோம் என்றார். கூட்டம் அவர் சொல்லைக் கேட்கவில்லை, வாயைப் பார்த்தது. கேடயம் ஆறு பேருக்குக் கிடைத்தது, சட்டைப்பைக்காரரும் அதில் ஒருவர். ஒரு நாள் வீடியோவை அழித்துவிட்டதால் விதிப்படி அவளுக்குக் கேடயம் இல்லை. ஓவிய டீச்சர் மட்டும் வந்து, ஈறுக்கு அந்த நிறம் எப்படி வருகிறது என்று கேட்டார். அவள் அரைமணி நேரம் நின்று சொன்னாள். பதினேழு வருடத்தில் அதை யாரும் கேட்டதில்லை.

நான்கு நாள் கழித்து லிஃப்டில் ஏறினாள். உள்ளே செயலாளர் தனியாக நின்றார். கதவு மூடியது. இருவரும் மாடி எண்களைப் பார்த்தார்கள்.

"புதுசு வந்துடுச்சு" என்றார் அவர், எண்ணைப் பார்த்துக்கொண்டே.

"சரியா இருக்கா சார்?"

அவர் கன்னத்தைத் தடவினார். "வலது ஓரம் உறுத்துது. சாப்பிட முடியலை."

"திறங்க, பாக்கறேன்" என்று போனை எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். அவர் பின்வாங்கி லிஃப்ட் சுவரில் ஒட்டிக்கொண்டார்.

"வீடியோ இல்லையே?"

"டார்ச்சுதான் சார்."

அவர் போன் திரையை ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு கண்களை மூடிக்கொண்டு வாயைத் திறந்தார். அவள் எட்டிப் பார்த்தாள். பின்பக்க ஈறில் அரிசி அளவுக்குச் சிவந்திருந்தது.

"ஒரு சின்ன மேடு சார், தேச்சா போயிடும். சாயங்காலம் கழட்டிக் குடுத்து விடுங்க. தண்ணியில போட்டுக் குடுங்க, காய விடாதீங்க."

"சரிம்மா" என்றார் செயலாளர்.