பூஜ்யம் காட்டிய அளவு

சுவா துறைமுகத்துப் படகுகளில் கடல் ஏற்றவற்றம் காட்டும் சின்னப் பெட்டிக்கு நான்தான் நிரல் எழுதுகிறேன். பழையது ஆமை வேகத்தில் ஓடியதால், புது மொழி ஒன்றைக் கற்று அதே கணக்கை அதில் எழுதினேன். இது பழையதைவிட வேகமாக ஓடும் என்று செகோவேயிடம் ரொட்டிக்குப் பந்தயமும் கட்டியிருந்தேன். எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று அளந்தால், பூஜ்யம்!

"பாத்தியா மச்சான்! கண்ண மூடித் தொறக்குற நேரம்கூட ஆகல. பந்தயத்துல தோத்துட்ட, போய் ரொட்டிப் பொட்டலம் வாங்கிட்டு வா."

செகோவே என் மாமன் மகன், பக்கத்து மேசைக்காரன். என் மூக்கை உடைப்பதென்றால் அவனுக்குச் சோறு வேண்டாம். திரையைப் பார்த்து மேசையைத் தட்டிச் சிரித்தான்.

"கிழிச்ச போ! தேதி, துறைமுகம் எல்லாத்தையும் நீயே நிரலுக்குள்ள எழுதி வெச்சிருக்க. கம்பைல் பண்றப்பவே, அதான் நிரல மெஷின் மொழிக்கு மாத்துறப்பவே, அது கணக்கப் போட்டு விடைய உள்ள வெச்சிருச்சு. ஓடுறப்போ அதுக்கு வேலையே இல்ல. நீ அளந்தது வெறும் காத்த. நீ போய் வாங்கிட்டு வா."

சுருக்கென்றது. ஆனாலும் நான் எழுந்திருக்கவில்லை. படகின் துறைமுகம் மாறப்போவதில்லை. அடுத்த ஆண்டின் ஏற்றவற்றத்தையும் இப்போதே கணக்கிட்டுவிடலாம். தானாக நடந்ததை இம்முறை வேண்டுமென்றே செய்தேன்: ஆண்டு முழுவதையும் கம்பைல் ஆகும்போதே கணக்கிடச் சொல்லி எழுதி ஓட்டினேன். கணினியின் விசிறி அலறியது.

"என்னடா, உன் மெஷினுக்கு இப்படி மூச்சு வாங்குது?"

"வாங்கட்டும். எல்லா மூச்சையும் இது கரையிலயே வாங்கிட்டா, கடல்ல அந்தப் பெட்டி சும்மா விடைய எடுத்துக் காட்டினா போதும். இப்ப அளந்து பாரு, பூஜ்யம்தான் வரும். வரணும்னுதான் எழுதியிருக்கேன். எனக்கு ஆட்டுக்கறி ரொட்டி."

செகோவே திட்டிக்கொண்டே செருப்பை மாட்டினான்.