தெரியாது என்று சொன்னவள்

என் புருஷன் பழனியாண்டிக்கு எழுத்து தெரியாது என்பதை, கல்யாணமாகி வந்த முதல் வெள்ளிக்கிழமையே நான் கண்டுபிடித்துவிட்டேன். அன்று கோயிலில் அவர் பாடினார். எங்கள் தீவின் தெற்குக் கரையில், சுயாக் பக்கத்துக் கரும்புத் தோட்டங்களில் அவரைப்போலப் பாட ஆள் கிடையாது என்று பெண் பார்க்க வந்தபோதே சொல்லியிருந்தார்கள். அதில் பொய் இல்லை. மதராஸிலிருந்து கப்பலில் வந்த தடித்த பாட்டுப் புத்தகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வரி வரியாகக் கண்ணை நகர்த்தி, நடுநடுவே பக்கம் புரட்டிப் பாடினார். நான் அவருக்குச் சற்றுப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். அவர் பாடியது காவடிப் பாட்டு. விரித்திருந்த பக்கத்தில் இருந்தது கூந்தல் தைல விளம்பரம்.

கேட்டவர்கள் கண்கலங்கினார்கள். எனக்கும் கண் கலங்கியது. சிரிப்பை அடக்கியதாலா, பாட்டாலா என்று இன்றைக்கும் தெரியவில்லை. வீட்டுக்குத் திரும்பும் வழியில் அவர் கேட்டார்.

"உனக்குப் படிக்கத் தெரியுமா?"

எனக்கு நன்றாகத் தெரியும். என் அப்பா வக்குவாவில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தார். மழைக்கால மாலைகளில் வேறு வேலை இல்லாமல் எனக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தார். வக்குவாவில் வருஷம் முழுக்க மழைக்காலம்தான், அதனால் நிறையவே படித்துவிட்டேன். ஆனால் எனக்கு அப்போது பதினேழு வயது, புது வீடு, புது மனிதர். "தெரியாது" என்றேன். அவர் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்து, நல்ல காரியம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

அந்த ஒரு வார்த்தையைப் பதினாலு வருஷம் கட்டிக் காத்தேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை. வீட்டில் இரண்டே பேர். அவர் ஆலையில் கொதிகலன் பக்கம் வேலைக்குப் போனதும் நான் படிக்க ஆரம்பிப்பேன். மிளகாய் சுற்றி வந்த காகிதம், பழைய பஞ்சாங்கம், யாரோ எறிந்த அரைப் பக்கச் செய்தித்தாள், எதுவானாலும் சரி. படிப்பென்றால் எனக்கு வெறி. வாசலில் அவர் செருப்புச் சத்தம் கேட்டால் காகிதத்தை அடுப்பில் போட்டுவிடுவேன். பாதிக் கதை படித்து மீதியை எரித்தவள் இந்தத் தீவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டுப் பேச்சு கிரியோல், பிரெஞ்சிலிருந்து பிறந்த தீவு மொழி. தமிழ் கோயிலுக்கும் சண்டைக்கும் மட்டும்தான் வெளியே வரும். நாங்கள் பேசியதைத் தமிழாக்கித்தான் இங்கே எழுதுகிறேன்.

நாற்பத்தெட்டாம் வருஷம் அந்தச் செய்தி வந்தது. அதுவரை ஓட்டு என்பது சொத்துள்ளவர்கள் சமாச்சாரம். இனிமேல், இந்தத் தீவில் பேசுகிற எந்த மொழியிலானாலும் எளிய வாக்கியம் ஒன்றைப் படிக்கவும் எழுதவும் தெரிந்தால் ஓட்டு உண்டு என்றார்கள். பெண்களுக்கும் உண்டு. முப்பத்தேழில் கரும்பு வெட்டுகிறவர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது என் அண்ணன் மூன்று மாதம் சிறையில் கிடந்தான். ஏனென்று கேட்க எங்களுக்கு நாதியில்லை. அதனால் எனக்கு அந்த ஓட்டு வேண்டும். ஆனால் வாங்க வேண்டுமென்றால் ஓர் அதிகாரி முன்னால், ஊர் பார்க்க, எனக்குப் படிக்கத் தெரியும் என்று காட்ட வேண்டும்.

அந்த ஆசையை நான் விழுங்கிக்கொண்டிருந்த வாரத்தில்தான் துரைசாமி அண்ணன் வீட்டுக்கு வந்தார். அவர் தோட்டத்துச் சர்தார், அதாவது கங்காணி; கோயிலுக்கும் தலைவர்.

"பழனியாண்டி, நம்ம ஆளுங்க பதினோரு பேர் ஓட்டுக்குப் பதியணும்ங்கிறாங்க. வாரம் மூணு சாயங்காலம் கோயில்லே எழுத்து சொல்லிக்கொடு. படிச்சவன் நம்மகிட்டே நீ ஒருத்தன்தான்."

முடியாது என்று சொல்ல என் புருஷனுக்கு ஒரு நொடி இருந்தது. வேலை இருக்கிறது, உடம்பு சரியில்லை, எதையாவது சொல்லியிருக்கலாம். அவர் "செய்றேன் அண்ணே" என்றார். வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டார் மனிதர். அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை. நானும் ஏனென்று கேட்கவில்லை.

வகுப்பு நடந்தது. நான் டீ கொண்டுபோவேன், ஓரமாக உட்கார்ந்து பார்ப்பேன். எழுத்து அட்டையைச் சுவரில் மாட்டி, குச்சியால் ஒவ்வொன்றாகத் தொட்டு, அ, ஆ, இ, ஈ என்று அவர் சொல்வார். வரிசையாகச் சொன்னால் பிழையே வராது. அவருடைய அப்பா சொல்லக் கேட்டு மனப்பாடம். வரிசை மாறி நடுவிலிருந்து யாராவது ஓர் எழுத்தைக் காட்டிக் கேட்டால், "அவசரப்படாதே, முதல்லேருந்து வா" என்பார். பிறகு பாட்டுப் புத்தகத்தை விரித்து, ஒருவர் மாற்றி ஒருவர் வரியில் விரலை வைத்துக்கொள்ள, அவர் பாடுவார், அவர்களும் பாடுவார்கள். இந்தத் தடவை சரியான பக்கம்; துரைசாமி அண்ணன்தான் எடுத்துக் கொடுத்தார், அவருக்கு எழுத்து தெரியாது, எண் மட்டும் தெரியும், அந்தப் பாட்டின் பக்க எண்ணை மனப்பாடமாக வைத்திருந்தார். மூன்று வாரத்தில் பதினோரு பேரும் அந்தப் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை தட்டுத் தடங்கல் இல்லாமல் 'படித்தார்கள்'. துரைசாமி அண்ணன் சந்தோஷத்தில் தேங்காய் உடைத்தார்.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. எங்கள் ஊரில் படிப்பென்று நாங்கள் பார்த்ததே அதுதான். புத்தகம் கையில் இருக்கும், பாட்டு வாயில் வரும். அந்த மூன்று வாரத்தில் என் புருஷனுக்கே கொஞ்சம் நம்பிக்கை வந்துவிட்டது என்று நினைக்கிறேன். நடை மாறியிருந்தது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், துரைசாமி அண்ணன் பதினோரு சிலேட்டுகளை எங்கள் வீட்டில் கொண்டுவந்து அடுக்கினார். ஒவ்வொருவர் பெயரையும் ஒவ்வொன்றில் எழுதிவைக்க வேண்டும், பார்த்து எழுதிப் பழகிக்கொள்வார்கள் என்றார். அவர் போனதும் பழனியாண்டி முதல் சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் எதிரில் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தேன். பலப்பம் சிலேட்டுக்கு ஒரு விரற்கடை மேலேயே நின்றது. நெற்றியில் வியர்வை. பதினோரு பெயர் எழுத எனக்குக் கால்மணி நேரம் போதும். கையை நீட்டினால் போதும்.

நான் நீட்டவில்லை. அரிசியில் கல்லே இல்லை, இருந்தும் பொறுக்கிக்கொண்டே இருந்தேன்.

கடைசியில் அவர் சிலேட்டைக் கீழே வைத்தார். "நல்லாப் படிச்சுக் காட்டினாப் போதும். எழுத்தெல்லாம் அவங்க பெரிசாப் பாக்க மாட்டாங்க" என்றார். என்னிடம் சொன்னாரா, தனக்குச் சொல்லிக்கொண்டாரா தெரியாது. நான் "ஆமாங்க" என்றேன்.

பதிவு நடந்தது சுயாக்கில் ஒரு பள்ளிக்கூடத்தில், சனிக்கிழமை காலை. எங்கள் ஆட்கள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, நெற்றியில் விபூதியோடு வந்தார்கள். நான் சாப்பாட்டுக் கூடையோடு போனேன். பக்கத்து வீட்டுத் தையல்காரி லிலியான் பிரெஞ்சு வரிசையில் நின்று ஐந்து நிமிஷத்தில் வேலையை முடித்துவிட்டு வந்தாள்.

"நீ போகலையா அலமேலு?" என்று கேட்டாள்.

"ஆயோ, எனக்கு எங்கே தெரியும்" என்றேன். சொல்லிச் சொல்லி நாக்குக்குப் பழகிப்போயிருந்தது.

தமிழ் மேசையில் இருந்த அதிகாரி பெயர் ராமசந்திரன், வக்குவாக்காரர். கடற்கரை வெயிலிலும் நாற்காலியில் குடை மாட்டியிருந்ததைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆசிரியர் என்பதால் பழனியாண்டியைத்தான் முதலில் அனுப்பினார்கள். அதிகாரி எழுந்து வணங்கி, ஓர் அட்டையைக் கொடுத்தார்.

"இதைப் படிங்க ஐயா."

என் புருஷன் அட்டையை இரண்டு கையாலும் பிடித்தார். தொண்டையைச் சரி செய்துகொண்டார். பாட ஆரம்பித்தார்.

அவர் அதைவிட நன்றாகப் பாடி நான் கேட்டதில்லை. பிரெஞ்சு மேசையில் பேச்சு நின்றது. லிலியான் சிலுவை போட்டுக்கொண்டாள். ராமசந்திரன் நடுவில் நிறுத்தவில்லை, முழுதும் கேட்டார். முடிந்தபின் தாழ்ந்த குரலில் பேசினார்.

"அருமையாப் பாடினீங்க ஐயா. இப்ப அட்டையிலே இருக்கிறதைப் படிங்க."

பழனியாண்டி அட்டையைப் பார்த்தார். நிமிர்ந்து அதிகாரியைப் பார்த்தார்.

"அதைத்தானே படிச்சேன்" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். இரண்டாவது ஆள் போய் அதே அட்டையை வாங்கி அதே பாட்டை எடுத்தார். ஒரு வரியில் நின்றுவிட்டார், திரும்பித் தன் ஆசிரியரைப் பார்த்தார். மற்ற பத்துப் பேரும் வரிசையை விட்டு ஒதுங்கி, சுவரோரமாகப் போய் நின்றார்கள். துரைசாமி அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேற யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டார் அதிகாரி.

கூடையைக் கீழே வைத்துவிட்டு நான் போனேன். எங்கள் ஊர் மானத்தைக் காப்பாற்றப் போனேன் என்று பிற்பாடு பலரிடம் சொல்லியிருக்கிறேன். அது சுத்தப் பொய். அந்த மேசையில் எழுத்து இருந்தது, பதினாலு வருஷத்தில் முதல் தடவையாக ஒருவர் என்னைப் படிக்கச் சொன்னார், கால் தானாகப் போயிற்று. என் புருஷன் அங்கே நிற்கிறார் என்பதே எனக்கு மறந்துபோனது.

"இன்று காற்று பலமாக வீசுகிறது. என் வீடு கடலுக்கு அருகில் இருக்கிறது." உரக்கப் படித்தேன். பெயரும் ஊரும் எழுதச் சொன்னார், எழுதினேன். கையெழுத்து அழகாக இருக்கிறது என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது, மறைப்பானேன். அந்தப் பெருமையோடு திரும்பினேன், என் புருஷன் முகத்தைப் பார்த்தேன்.

தோட்டத்துக்கு மூன்று மைல். மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்கள். இரண்டு பக்கமும் கரும்பு, நடுவில் நாங்கள். பாதி வழியில் அவர் கேட்டார்.

"எனக்குத் தெரியாதுன்னு உனக்கு எப்போ தெரியும்?"

"முதல் வெள்ளிக்கிழமை."

அவர் கோபப்படுவார் என்று காத்திருந்தேன். கோபத்துக்கு என்னிடம் பதில் தயாராக இருந்தது. அவர் என் கையிலிருந்த கூடையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தார்.

"ஏன் சொல்லலை?"

"உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னுதாங்க."

"இருந்திருக்கும்" என்றார். "ஒரு மாசம் இருந்திருக்கும். ஒரு வருஷத்திலே கத்துக்கிட்டிருப்பேன் அலமேலு. பதினாலு வருஷம் பக்கத்திலேயே உக்காந்து பாத்துக்கிட்டிருந்தியே."

அவர் மானத்தை மூடிக் காக்கிறேன் என்று அத்தனை வருஷமும் என்னை நானே மெச்சிக்கொண்டிருந்தேன். அது வெறும் பயம். அவரைவிட ஒரு படி மேலே இருக்கிறவளை அவர் வீட்டில் வைத்துக்கொள்ள மாட்டாரோ என்ற பயம். பதினேழு வயதில் வந்ததை முப்பத்தொரு வயதுவரை சோறு போட்டு வளர்த்திருக்கிறேன்.

ஆகஸ்டில் ஓட்டுப் போட்டேன். அவரும் கூட வந்தார், வெளியில் மரத்தடியில் நின்றார். முன்னைப்போலவே பேசினார், சாப்பிட்டார், ஆலைக்குப் போனார். கோயிலில் மட்டும் பாடவில்லை. நான் ஒருநாள், "வீட்டிலேயே சொல்லித்தரட்டுமாங்க?" என்று கேட்டேன். "வேண்டாம்" என்றார், மெதுவாகத்தான் சொன்னார்.

மறுவாரம் சுயாக்கில் பிள்ளைகளுக்கு நடந்த தமிழ் வகுப்பில் போய்ச் சேர்ந்தார். ஆறு வயது, ஏழு வயதுக் குழந்தைகளுக்குப் பின்னால், கடைசிப் பலகையில், கொதிகலன்காரருடைய பெரிய முழங்கால்களை மடக்கிக்கொண்டு உட்காருவார் என்று லிலியான் வந்து சொன்னாள். என்னிடம் ஓர் எழுத்துகூடக் கேட்டதில்லை. அவர் மும்முரமாகப் படிப்பது தெரிந்தும், நானும் எட்டிப் பார்க்கவில்லை.

அடுத்த வருஷம் கோயில் கதவில் திருவிழா அறிவிப்பு ஒட்டினார்கள். அந்தப் பதினோரு பேரும் துரைசாமி அண்ணனும் அதன்முன் நின்று, என்னைப் பார்த்து, "அலமேலு, படிச்சுச் சொல்லு" என்றார்கள். நான் வாயெடுப்பதற்குள் பழனியாண்டி முன்னால் வந்தார். ஒவ்வோர் எழுத்தின் கீழும் விரலை வைத்து, பாட்டுக் குரல் எதுவும் இல்லாமல், நிறுத்தி நிறுத்தி, தேதியும் நேரமும் உட்பட எல்லாவற்றையும் படித்தார். ஒரு பிழை இல்லை. நான் மற்றப் பெண்களுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

அவர் வகுப்பில் சேர்ந்து அன்றைக்குப் பத்து மாதம் ஆகியிருந்தது.