குழாய்க்குள் காற்று

காலை ஆறு ஐம்பதுக்கு நீலாம்பாள் மீன்தொட்டிக்குக் கீழே இருந்த அலமாரிக் கதவைத் திறந்து தரையில் உட்கார்ந்தாள். மேல்தொட்டியில் வழியும் தண்ணீர் ஒரு குழாய் வழியாகக் கீழ்த்தொட்டிக்கு இறங்கி, மோட்டாரில் திரும்ப மேலே போனது. இறங்கும்போது கொடகொடவென்றது. இரண்டு வருடமாக இந்தச் சத்தம்.

கலியாணசுந்தரம் தொட்டியை ஒட்டிப் போட்ட கட்டிலில் கிடந்தார். வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி நாலு நாள் ஆகிறது. மூச்சைக் கவனிக்கச் சொல்லியிருந்தார்கள். இந்தச் சத்தத்தில் புருஷனின் மூச்சு அவளுக்குக் கேட்கவில்லை. ராத்திரியெல்லாம் அவர் மார்பில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"மோட்டார நிறுத்திடலாம்பா," என்றான் மகன் சிவபாலன், சட்டையை மாட்டிக்கொண்டே.

"மீனு செத்துடும்டா. சத்தம் மோட்டாருது இல்ல. தண்ணியோட காத்தும் சேந்து எறங்குது. சரி பண்ணித் தரேன்னு உங்கம்மாகிட்ட சொல்லிக்கினே இருந்தேன்." மூச்சு வாங்கினார். "இன்னிக்கு அவளே பண்ணட்டும். நான் சொல்றேன்."

சிவபாலன் அக்காவை அழைத்துவர பஸ் ஸ்டாண்டுக்குப் போனான்.

"தண்ணி எறங்குற குழாய்ல இருக்கற வால்வ கொஞ்சமா மூடு. மேல தண்ணி ஏறி குழாய் வாய மூடிக்கும். அப்புறம் காத்து போவாது."

அவள் திருகினாள். கொடகொட நின்றது. கொஞ்ச நேரத்தில் தண்ணீர் மேலும் ஏறி, பக்கத்திலிருந்த இரண்டாவது குழாயில் சடசடவென்று கொட்டியது. பதறிக் கையை எடுத்தாள்.

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி அடங்கியது.

"ரொம்ப மூடிட்ட. தரையில வழியாம இருக்கத்தான் அந்தக் குழாய். இம்மி தொற. அஞ்சு நிமிஷம் சும்மா இரு. தண்ணி நிதானத்துக்கு வரணும்."

"அதுவரிக்கும் இன்னா பண்றது?"

"பேசு."

திறந்துவிட்டுக் காத்திருந்தாள்.

"தறிச் சத்தத்துல நாப்பது வருஷம் தூங்கின. இது ஆவலயா உனக்கு?"

"தறி நின்னா முழிச்சிக்குவேன் இல்ல? எழுந்து காபி போட்டுக் குடுக்கல?"

"குடுத்த குடுத்த. சக்கரையே இல்லாம."

"ஒடம்புல சுகர வெச்சிக்கினு பேச்சப் பாரு."

இன்னொரு இம்மி. இன்னொரு ஐந்து நிமிடம். மூன்றாம் முறை சடசடப்பு நின்றது. இரண்டாவது குழாயில் நூல் கனத்துக்குத் தண்ணீர், ஓசையில்லாமல் இறங்கியது.

எதிர்வீட்டுத் தறி கேட்டது. அதற்குள்ளே, சின்னதாக, அவர் மூச்சு. இழுத்து, நின்று, இழுத்து.

"கேக்குதா?" என்றார்.

"கேக்குது."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "வால்வையும் குழாயையும் சேத்து நூலால கட்டிடு. யாரும் திருகிடப் போறாங்க."

பெட்டியிலிருந்து அரக்குப் பட்டுநூல் எடுத்து வந்தாள். தலையை அலமாரிக்குள் விட்டு, மூன்று சுற்று சுற்றி, முடிச்சுப் போட்டு இறுக்கினாள். மிச்ச நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். எதிர்வீட்டுத் தறி மட்டும் கேட்டது.

"ஏங்க, ஒரு முடிச்சு போதுமா?"