ஏற்கப்பட்டது என்ற பதில்

காலையிலிருந்து மழை விடவில்லை. அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டத்தில் தங்கள் லயத்து வீடுகளுக்குப் பின்னால் மலையில் வெடிப்புத் தெரிகிறது என்று சண்முகவடிவு, ஹட்டனிலிருந்த அண்ணி தனுஷிகாவுக்குப் போன் செய்தாள்.

“பள்ளிக்கூடத்துக்கு எறங்கிரவா அண்ணி?”

“மெசேஜ் வந்தா எறங்கு. அதுவரைக்கும் பயப்படாத.”

அந்த மண்சரிவு எச்சரிக்கைச் செய்திக்குக் கணினி நிரல் எழுதியவளே தனுஷிகாதான். மழையின் அளவு எல்லை தாண்டினால், நிரல் தொலைபேசி நிறுவனத்தின் சேவைக்கு ஒரு கோரிக்கை அனுப்பும்; நிறுவனம் அந்தத் தோட்டப் பிரிவில் பதிந்துள்ள எல்லா எண்களுக்கும் செய்தி அனுப்பும். முன்பு இரண்டு தடவை செய்தி வந்து சனங்கள் கொழுந்தைப் போட்டுவிட்டு ஓட, மலை அசையவேயில்லை. தோட்டத்தில் அவர்களுக்கு அரைப்பேர்தான், அரைநாள் சம்பளம்தான், போட்டார்கள். ஒங்க அண்ணி தும்முனா நாங்க ஓடணுமா என்று வடிவைக் கேலி செய்தார்கள். அதனால், சென்ற வாரம் நிறுவனம் சேவையை மாற்றியபோது கோரிக்கையைத் திருத்தி எழுதிய தனுஷிகா, உண்மையான போன்களுக்கு அனுப்பிப் பார்க்கவில்லை. ‘ஏற்கப்பட்டது’ என்று பதில் வந்தது. அது போதுமென்று நினைத்தாள்.

மதியம் மழை எல்லையைத் தாண்டியது. திரையில் அதே பதில். வடிவு இந்நேரம் இறங்கியிருப்பாள் என்று, சோறு போட எழுந்தாள்.

கணவன் வினோஜன் தன் போனைப் பார்த்தான். “என் நம்பரும் அந்தப் பிரிவுலதான பதிஞ்சிருக்கு, எனக்கும் வரணும்ல? வரலையே.”

அவள் கோரிக்கையைத் திறந்தாள். ‘பிரிவு’ என்ற டேக், அதாவது தகவலின் பெயர்க்குறி, அவளது நிரலிலும் உண்டு, நிறுவனத்தின் சேவையிலும் உண்டு. தோட்டத்தில் ஒரே பெயருள்ள இருவரை, அவரவர் குடியிருக்கும் பகுதியை வைத்து மேற்கணக்கு லெட்சுமி, கீழ்க்கணக்கு லெட்சுமி என்று பிரித்துச் சொல்வதுபோல, எது யாருடையது என்பதை டேக்கின் முன்னொட்டான நேம்ஸ்பேஸ்தான் காட்ட வேண்டும். அவள் அந்த டேக்கில் நிறுவனத்தின் நேம்ஸ்பேஸுக்குப் பதில் தன்னுடையதையே வைத்திருந்தாள். சேவை தன்னுடைய ‘பிரிவை’த் தேடியது, காணவில்லை. பிழையென்றும் சொல்லாமல், ஒருவருக்கும் அனுப்பாமல், கோரிக்கையை ஏற்றுக்கொண்டது.

முன்னொட்டை மாற்றி அனுப்பினாள். வினோஜனின் போன் உடனே ஒலித்தது. வடிவை அழைத்தாள், இணைப்புக் கிடைக்கவில்லை.

சற்றைக்கெல்லாம் வடிவின் பக்கத்து வீட்டு வீரய்யா வினோஜனை அழைத்தார்; அவன் ஸ்பீக்கரில் போட்டான். செய்தி இப்போதுதான் வந்தது, எல்லாரும் ஓடுகிறோம் என்றார். பிறகு, வடிவின் வீட்டின்மேல் அதற்கு முன்பே மண் இறங்கிவிட்டது என்றார்.

“உள்ளதான் இருந்துச்சு தம்பி. மெசேஜ் வரட்டும்னு சொன்னிச்சு.”

தனுஷிகா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“நாந்தாங்க அவள இருக்கச் சொன்னேன்.”

வினோஜன் மழைக்கோட்டை மாட்டி, பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டான். அவளைப் பார்க்கவில்லை.

“தெரியும். எந்திரி. அவளுக்கு நம்மள விட்டா யாரு இருக்கா.”

வெளியே மோட்டார் சைக்கிளைக் கிளப்பிக்கொண்டு காத்திருந்தான். அவள் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். அவன் தோளைப் பிடிக்க அவளுக்குக் கை வரவில்லை.